பழைய கணினி இருக்கட்டும். வங்கிக் கணக்கு அதில் வேண்டாம்

வாசகர் ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அறுபத்திரண்டு வயதுப் புகைப்படக்காரர். பழைய பிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, பழுது நீக்கி, படமாக்கிக் கொடுப்பது இப்போது அவருடைய முதன்மைத் தொழில். அவர் நம்பியிருக்கும் பிலிம் ஸ்கேனரின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அதை இயக்கும் டிரைவர் என்ற இணைப்பு நிரல் விண்டோஸ் 7-இன் 32 பிட் என்ற பழைய வகைப் பதிப்புக்கு மேல் வரவில்லை. ஆகவே மேசைக் கணினியில் இன்றும் விண்டோஸ் 7. வங்கிப் பரிமாற்றம், மின்னஞ்சல், வாடிக்கையாளர்களின் முகவரியும் கணக்கும் எல்லாம் அதே கணினியில். வீட்டில் 2018 இறுதியில் வாங்கிய மடிக்கணினி ஒன்றும் இருக்கிறது. அதில் விண்டோஸ் 10. விண்டோஸ் 11-க்கு மாற முயன்றபோது, "டிபிஎம் 2.0 இல்லை, இந்தக் கணினி தகுதியற்றது" என்று செய்தி வந்திருக்கிறது.

மகள் இரண்டையும் தூக்கிப் போடச் சொல்கிறார். நண்பரோ நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தால் போதும் என்கிறார். கணினி பழுதுபார்ப்பவர், "எல்லாம் சரிசெய்யப்பட்ட விண்டோஸ் 11 என் பென் டிரைவில் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் போட்டுவிடுகிறேன்" என்கிறார். வாசகரின் சொற்களிலேயே மீதி: "பதினான்கு வருடங்களில் ஒரு வைரஸ் வந்ததில்லை. 2017-இல் உலகமே அலறியதே, அதுகூட என் கணினியைத் தொடவில்லை. புதியதை விற்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் என்றே நினைக்கிறேன். என் நினைப்பு தவறா?" கடிதத்தின் முடிவில் ஒரு வரி: "புகைப்படங்களைப் பற்றிக் கவலையில்லை. எல்லாவற்றையும் டி டிரைவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்."

ஐயா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கடிதம் முழுவதிலும் என்னைத் திடுக்கிட வைத்தது அதுதான். உங்கள் கணினியில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்று முன் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சி டிரைவும் டி டிரைவும் ஒரே வட்டில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பகுதிகள். ஒரு வீட்டின் இரண்டு அறைகள் போல. தீப்பிடித்தால் அடுத்த அறையில் இருந்தது என்பதற்காக எதுவும் தப்பிவிடாது. பதினான்கு வருடம் ஓடிய வட்டு என்றைக்கு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிற்கும் என்பது மட்டும் உறுதி. அதற்கு வைரஸ் தேவையில்லை.

எனவே மற்ற ஆலோசனைகளையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். வெளிப்புற ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, டி டிரைவில் உள்ள அனைத்தையும் இரண்டிலும் தனித்தனியே நகலெடுங்கள். நகலெடுத்து முடித்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், அந்த நேரத்தில் கணினியோடு இணைந்திருக்கும் எல்லா வட்டுகளையும் சேர்த்தே பூட்டும். எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் வட்டு பாதி பேக்கப்தான். ஒன்றை வேறு ஒரு வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை, நகலிலிருந்து நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். நகலெடுத்ததாக நம்பியிருந்து, தேவைப்பட்ட நாளில் வெறும் கோப்புறையைத் திறந்து பார்த்து அழுதவர்களை நான் இந்தத் தொழிலில் பலமுறை சந்தித்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பயமுறுத்துகிறார்களா?

பாதி உண்மை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் வைத்த நிபந்தனைகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகளை ஒரே நாளில் "தகுதியற்றவை" ஆக்கின. உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது, 2014 ஏப்ரல் 8 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். 2020 ஜனவரி 14 வரை எல்லோருக்கும் ஆதரவு இருந்தது. பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மேலும் மூன்று ஆண்டுகள், 2023 ஜனவரி வரை. விண்டோஸ் 10-க்கு 2015 ஜூலை முதல் 2025 அக்டோபர் 14 வரை. பத்தாண்டுக்கு மேல் ஒரு பொருளைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டு நிறுத்துவதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் உரிமையைப் பற்றியும் ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தீர்கள். ஆதரவு முடிந்த விண்டோஸைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் அன்று. நீங்கள் வாங்கிய உரிமம் காலாவதி ஆவதில்லை. கணினி என்றும்போல் இயங்கும். நின்றுபோனது ஒன்றுதான்: ஓட்டை தெரியவந்தால் அடைத்துக் கொடுக்க ஆள் இல்லை.

அந்த ஒன்று ஏன் அவ்வளவு பெரிதாகிறது என்பதை யாரும் உங்களுக்குச் சரியாக விளக்கவில்லை என்று தோன்றுகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் திருத்தங்களை வெளியிடுகிறது. 2003 முதல் இதுதான் வழக்கம். திருத்தம் வெளியான உடனே, கெட்ட எண்ணம் கொண்டவர்களும் அதை இறக்கிக்கொள்வார்கள். திருத்தத்துக்கு முந்தைய நிரலையும் பிந்தையதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடத்தில் மாற்றினார்கள் என்பது தெரிந்துவிடும். எங்கே ஓட்டை இருந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் உள்ளே விண்டோஸ் 7-இலிருந்து வழிவழியாக வந்த நிரல்கள் ஏராளம். புதிய பதிப்பில் இன்று அடைத்த ஓட்டை பழைய பதிப்பிலும் இருந்தால், அங்கே அது திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைப் பூசும்போதெல்லாம், அதே கொத்தனார் கட்டிய உங்கள் வீட்டுச் சுவரில் எங்கே விரிசல் என்று தெருவுக்கே தெரிந்துவிடுவது போன்ற நிலை. ஆதரவு நின்ற நாளில் எதுவும் நடக்காது. மறுநாளும் நடக்காது. ஆனால் மாதம் ஏற ஏறத் தெரிந்த விரிசல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

2017-இல் நீங்கள் தப்பியது எப்படி?

வான்னாகிரை என்ற அந்த ரான்சம்வேர் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கியது. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற வசதியின் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் சொடுக்காமலே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகள். பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. பழி முழுவதும் எக்ஸ்பி மேல் விழுந்தாலும், பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவு முழுமையாக இருந்தது. திருத்தமும் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14-இல் வெளிவந்திருந்தது. வாங்கிப் போடாமல் விட்டவர்கள்தான் சிக்கினார்கள். ஆகவே "ஆதரவு உள்ள பதிப்பு வைத்திருக்கிறேன்" என்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது. அப்டேட் அறிவிப்பை "பிறகு நினைவூட்டு" என்று தள்ளிக்கொண்டே போகும் புதிய கணினியும் பழைய கணினிதான். உங்கள் மகளிடமும் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் தப்பியதற்குக் காரணம் அநேகமாக இரண்டு. அப்போது தானியங்கி அப்டேட்டை நிறுத்தாமல் வைத்திருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; அது ஒன்று. மற்றொன்று, இணைய இணைப்புக்காக வைத்திருக்கும் ரூட்டர். வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டும் இணைப்புகளை அது உள்ளே விடுவதில்லை. அந்தக் காவல் இன்றும் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் காவலாளி, நீங்களாகவே கூப்பிட்டு உள்ளே அழைத்துவரும் விருந்தாளியைத் தடுக்க மாட்டார். மின்னஞ்சலின் இணைப்புக் கோப்பு, உலாவியில் திறக்கும் பக்கம், வாடிக்கையாளர் கொடுக்கும் பென் டிரைவ், இவை மூன்றும் நீங்கள் திறந்துவிடும் கதவுகள். உலாவியை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 7-இல் கூகுள் குரோம் 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இணையம் நின்றுவிடவில்லை. 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வடிவத்தைத் திறந்து காட்டும் நிரல்தொகுப்பில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. குறிப்பிட்ட விதமாகச் செய்த ஒரு படத்தை உலாவி திரையில் காட்ட முயன்றாலே தாக்குதலுக்கு வழி பிறந்துவிடும். எதையும் இறக்க வேண்டாம், "சரி" என்று எதையும் அழுத்த வேண்டாம். நாள் முழுவதும் படங்களையே திறந்து மூடும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நண்பர் சொல்லும் ஆன்டிவைரஸ் இங்கே எவ்வளவு உதவும்? தெரிந்த தீய கோப்புகளைப் பிடிக்கும். சந்தேகமான நடத்தையைச் சில நேரம் தடுக்கும். ஆனால் அது இயங்குதளத்தின் மேல் நிற்கும் மென்பொருள். தரையே பெயர்ந்தால் அதன் மேல் நிற்கும் காவலாளியும் சேர்ந்துதான் விழுவார். மேலும், ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பழைய விண்டோஸைக் கைவிடுகின்றன. நண்பரின் யோசனை தவறில்லை, போதாது.

"என்னிடம் என்ன பெரிய சொத்து இருக்கிறது, என்னை யார் குறிவைப்பார்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை யாரும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. நிரல்கள் இரவும் பகலும் கோடிக்கணக்கான முகவரிகளில் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டே போகின்றன. திறந்தது எதுவோ அதில் நுழையும்; வீட்டுக்காரர் யார் என்று கேட்காது. அதோடு, அந்தக் கணினியில் இருப்பது உங்களுடையது மட்டும் அன்று. அடுத்தவர்களின் குடும்பப் படங்கள், முகவரிகள், தொலைபேசி எண்கள். வாடிக்கையாளர் தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பல நாடுகளின் சட்டங்கள் சிறு தொழில் செய்பவர் மீதும் சுமத்துகின்றன. சட்டம் இருக்கட்டும், நெகட்டிவ்களை நம்பிக் கொடுத்தவர்களிடம் என்ன பதில் சொல்வீர்கள்?

ஒரே கணினிக்கு இரண்டு வேலை: சிக்கல் அங்கேதான்

மகள் தூக்கிப் போடச் சொல்கிறார், நீங்கள் அப்படியே இருக்கட்டும் என்கிறீர்கள். இருவருமே கணினியை ஒரே பொருளாகப் பார்க்கிறீர்கள். நான் வேலையைப் பார்க்கிறேன். ஸ்கேன் செய்யும் வேலைக்கு விண்டோஸ் 7 வேண்டும், இணையம் வேண்டாம். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் இணையம் வேண்டும். விண்டோஸ் 7 வேண்டாம். இரண்டையும் பிரித்துவிட்டால் சண்டை முடிந்தது.

மேசைக் கணினியை ஸ்கேனருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். இணையக் கம்பியைக் கழற்றுங்கள். வைஃபை அட்டை இருந்தால் அதை மென்பொருளில் அணைப்பதோடு விடாமல், கழற்ற முடிந்தால் கழற்றியே விடுங்கள். ரூட்டரில் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டால், பழக்கதோஷத்தில்கூட அது இணைந்துகொள்ளாது. கழற்றுவதற்கு முன், 2020 ஜனவரி வரையிலான அப்டேட்டுகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பட்டியலில் பாருங்கள். பிறகு உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் மின்னஞ்சல் கணக்கையும் நீக்குங்கள். வாடிக்கையாளர் கணக்குக் கோப்புகளை இடம் மாற்றுங்கள். அந்தக் கணினியில் திருடத் தகுந்தது எதுவும் இருக்கக் கூடாது. ஸ்கேனர், அதன் டிரைவர், அன்றைய படங்கள், அவ்வளவுதான்.

"இணையம் இல்லையென்றால் முழுப் பாதுகாப்பு" என்று அடுத்த நிமிடமே நினைத்துவிடாதீர்கள். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு தொடர்பே இல்லாத தொழிற்கூடக் கணினிகளுக்குள் பென் டிரைவ் வழியாகத்தான் போனது. பென் டிரைவைத் திறந்து அதிலுள்ள கோப்புகளின் சின்னங்கள் (ஐகான்கள்) திரையில் தெரிந்தாலே போதும் என்ற வகை ஓட்டை அது. அந்த ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டது, பாடம் மாறவில்லை. ஆகவே படங்களை எடுத்துச்செல்ல ஒரே ஒரு பென் டிரைவை ஒதுக்குங்கள், வண்ண நாடா ஒன்றைக் கட்டி வையுங்கள். பழைய கணினியிலிருந்து புதியதற்குப் படம் போகலாம். எதிர்த்திசையில் எதுவும் வரக் கூடாது; திரும்பக் கொண்டுவருவதற்கு முன் புதிய கணினியில் அதை ஃபார்மேட் செய்துவிடுங்கள். வாடிக்கையாளரின் பென் டிரைவை விண்டோஸ் 7 கணினியில் ஒருபோதும் செருக வேண்டாம். சற்றுத் தொல்லைதான். ஒரு வாரத்தில் கைப்பழக்கமாகிவிடும்.

அந்தக் கணினிக்கு இனிமேல் பெரிய எதிரி வைரஸ் அன்று, வயது. வட்டு போகும், மின்வழங்கி போகும், மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்து நாள் நேரம் மறக்கும். ஆகவே இயங்குதளம், டிரைவர், அமைப்புகள் எல்லாவற்றோடும் முழு வட்டையும் ஒரு படிமமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தனிக் கோப்புகளின் நகல் இதற்குப் போதாது. அந்தப் படிமத்தைப் புதிய எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) ஒன்றில் ஏற்றி, அதைக் கணினியில் மாட்டி, ஸ்கேனர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால், பழைய வட்டையே மாற்று வட்டாக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். டிரைவரின் நிறுவல் கோப்பும் உரிம எண்ணும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மகள் கேட்கும் கேள்வியும் நியாயமானதுதான்: ஸ்கேனரைப் புதிய கணினியிலேயே ஓட்ட முடியாதா? தயாரிப்பாளரின் டிரைவரைக் கொண்டு முடியாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்; 32 பிட் டிரைவர் அதில் ஏறவே ஏறாது. ஆனால் வியூஸ்கேன் என்றொரு மென்பொருள் இருக்கிறது. நிறுத்தப்பட்ட பல ஸ்கேனர்களுக்குத் தானே எழுதிய டிரைவர்களோடு வருகிறது. வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம். சோதனைப் பதிப்பு படத்தின் மேல் நீர்க்குறி போடும். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸில், சேன் என்ற இலவசத் தொகுப்பும் இதே வேலையைச் செய்கிறது. ஓடும், ஆனால் நிறம் உங்கள் கண்ணுக்கு ஒத்துவருமா, தூசி நீக்கும் வசதி அதே தரத்தில் இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே நெகட்டிவை இரண்டு வழியிலும் ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். திருப்தியாக இருந்தால், பழைய கணினியிலிருந்து மெல்ல விடைபெறும் வழி உங்களுக்குக் கிடைத்துவிட்டது. புதிய கணினிக்குள் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை, அதாவது மென்பொருளாலான கணினி ஒன்றை அமைத்து, வலைத்தொடர்பைத் துண்டித்து, அதற்குள் விண்டோஸ் 7-ஐ ஓட்டும் வழியும் உண்டு. ஆனால் கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கே உரியது. வேறிடத்துக்கு மாற்ற அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரபூர்வமற்ற ஒட்டுவேலைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜீரோபேட்ச் என்ற சேவை, ஆதரவு முடிந்த விண்டோஸ் பதிப்புகளுக்குச் சிறு திருத்தங்களைத் தானே எழுதித் தருகிறது. நேர்மையான முயற்சிதான். பழைய கணினியை இணையத்திலிருந்து பிரிக்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள் அதைப் பார்க்கலாம். உங்களால் பிரிக்க முடியும் என்பதால் உங்களுக்கு அது தேவையில்லை.

மடிக்கணினி: அது "தகுதியற்றது" என்று எனக்குத் தோன்றவில்லை

2018 இறுதியில் வாங்கியது என்கிறீர்கள். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 11 கேட்பதும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். டிபிஎம் என்பது கடவுச்சொல், குறியாக்கச் சாவி போன்ற இரகசியங்களைக் காத்துவைக்கும் ஒரு பாதுகாப்புப் பகுதி. அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் அது செயலியோடு சேர்ந்தே இருக்கிறது, பயாஸ் அமைப்பில் (விண்டோஸ் தொடங்கும் முன் கணினியை இயக்கும் அடிப்படை நிரலின் அமைப்பு) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இல்லாததும் அணைந்திருப்பதும் விண்டோஸுக்கு ஒன்றுபோலவே தெரியும். இன்டெல் கணினிகளில் இதற்கு பிடிடி என்று பெயர், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம். பயாஸ் அமைப்பில் அதையும், கணினி தொடங்கும்போது நம்பகமான நிரல் மட்டுமே ஓட விடும் செக்யூர் பூட் என்பதையும் இயக்கிவிட்டு, மைக்ரோசாப்டின் "பிசி ஹெல்த் செக்" நிரலை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: பயாஸில் கைவைப்பதற்கு முன், வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாவி கையில் இல்லாமல் அமைப்பை மாற்றி, மறுபடி திறக்கும்போது நாற்பத்தெட்டு இலக்க எண் கேட்டுத் திரை நிற்கும் காட்சியை உங்களுக்கு நான் விரும்ப மாட்டேன்.

தகுதி வந்துவிட்டால் யோசிக்காமல் மேலேறுங்கள். செயலியே பழையது என்று செய்தி வந்தால் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மைக்ரோசாப்டின் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டம். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். கணினியில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கோடு அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமின்றியும் சேரலாம். மூச்சுவிட நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு வரை திருத்தங்கள் கிடைக்கும். பென் டிரைவிலிருந்தே ஓட்டி, உள்ளே எதையும் மாற்றாமல் ஒரு வாரம் பழகிப் பார்க்கலாம். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் நல்ல உலாவி இருந்தால் போதும் என்பதால் உங்கள் இரண்டாவது வேலைக்கு இது தாராளம். ஆனால் போட்டோஷாப் அதில் நேரடியாக ஓடாது. அதற்கு மாற்றாக கிம்ப், டார்க்டேபிள் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள்கள் இருக்கின்றன. முப்பது வருடக் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த விலையைக் கொடுக்க நீங்கள் தயாரா என்பதை உங்களைத் தவிர யாரும் முடிவு செய்ய முடியாது. மூன்றாவது வழி, புதிய கணினி. மற்ற இரண்டும் ஒத்துவராவிட்டால் மட்டும்.

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் உபாயங்களும் உலவுகின்றன. பலருக்கு ஓடுகிறது. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் தர வேண்டிய கடமை தங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாப்ட் எழுதியே வைத்திருக்கிறது. திருத்தங்களுக்காகவே மாறுகிறோம், அவை வருமா என்பது ஐயமாக இருக்கும் வழியில் வங்கிக் கணக்கை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழுதுபார்ப்பவரின் பென் டிரைவுக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். "எல்லாம் சரிசெய்யப்பட்ட" என்றால் யார், எதை, எப்படி மாற்றினார்கள் என்று அவருக்கே தெரியாது, எங்கிருந்தோ இறக்கியிருப்பார். இத்தகைய தொகுப்புகளில் அப்டேட்டுகள் அணைக்கப்பட்டிருப்பது சாதாரணம். உரிமத்தை ஏமாற்றும் சிறு நிரலும் கூடவே இருக்கும். அதை ஓட்டும் முன் "ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்பார்கள். திருடனை உள்ளே விட்டுவிட்டுப் பூட்டை மாற்றுவது போன்ற காரியம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் விண்டோஸ் 7, இணையத்தில் இருந்தாலும்கூட, உங்களுக்குத் தெரிந்த பழையது. அந்தப் பென் டிரைவில் இருப்பது யாருக்கும் தெரியாத புதியது.

எதை முதலில் செய்வது

வரிசை முக்கியம். முதலில் இரண்டு வட்டுகளில் நகல். அடுத்து மடிக்கணினியை விண்டோஸ் 11-க்கோ, நீட்டித்த திட்டத்துக்கோ கொண்டுவாருங்கள். பிறகு மேசைக் கணினியிலிருந்து படங்கள், ஆவணங்கள் போன்ற தரவுகளை மட்டும் அதற்கு மாற்றுங்கள். நிரல்களையும் நிறுவல் கோப்புகளையும் கொண்டுபோக வேண்டாம். தேவையானதை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். இந்த மாற்றத்தை மடிக்கணினியில் அமர்ந்துதான் செய்ய வேண்டும். பழைய கணினியில் ஏதாவது ஒளிந்திருந்தால், அங்கே தட்டும் புதிய கடவுச்சொல்லும் அதற்குத் தெரிந்துவிடும். கடைசியாக, மேசைக் கணினியின் இணையக் கம்பி. கையோடு கழற்றி மகளிடம் கொடுத்துவிடுங்கள்; தூக்கிப் போட அவருக்கும் ஏதாவது வேண்டுமல்லவா?

ஒரு விவரத்தை மட்டும் எழுத விட்டுவிட்டீர்கள். ஸ்கேனரின் பின்பக்கம் இருப்பது யூஎஸ்பி துளையா, ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புத் துளையா? யூஎஸ்பி என்றால் மேலே சொன்ன வியூஸ்கேனை மடிக்கணினியிலேயே இந்த வாரம் சோதித்துப் பார்க்கலாம். ஃபயர்வயர் என்றால் மடிக்கணினியில் அதற்கு இடமே இருக்காது. விர்ச்சுவல் மெஷின் வழியும் அடைபட்டுவிடும். மேசைக் கணினியின் ஆயுளைத்தான் நாம் நீட்ட வேண்டியிருக்கும். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.